மலைக்கு வேண்டியது உலர்த்தி, மேடை அல்ல

சனிக்கிழமை ஒரு புத்தாக்க மையத்தில், தொழில் தொடங்குவோர் நடுவர்கள் முன் தங்கள் திட்டத்தைச் சொல்லும் நிகழ்ச்சியில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறைப் பக்கத்திலிருந்து போன பூண்டுப் பொடி செய்யும் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே மணியடித்து உட்காரவைத்தார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "இயந்திரம் கேட்டு இங்கே வராதீர்கள், முதலில் மனநிலையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று நடுவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

அந்தப் பெண் கேட்டது ஒரு பொது உலர்த்தி, அதாவது எல்லோரும் பூண்டைக் காயவைத்துக்கொள்ள ஒரு இயந்திரம். மன்னவனூரிலோ கொடைக்கானலிலோ வைத்தால் வாடகை கொடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்றார். இலவசமாகக்கூடக் கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். மதியத்திலேயே மூடுபனி வீட்டுக்குள் புகுந்துவிடும். வெயிலை நம்பிப் பொடி செய்வது நடக்காத காரியம். என் அம்மா பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவார். விதைப் பூண்டு அப்படியே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். பொடிக்கு அந்தச் சூடு போதாது. நான் பொடி செய்து மதுரையில் ஒரு கடைக்கு அனுப்பியபோது, கடைக்காரர் புட்டியை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. ஈரம் ஏறி அடியில் கட்டியாக ஒட்டியிருந்தது, ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம். அதே சமயத்தில் இன்னொரு பயிற்சியில் ஐந்து ஆண்டு விற்பனைக்கு வரைபடம் போட்டு எல்லோரிடமும் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் அன்று தேவைப்பட்டது உலர்த்திதான்.

பயிற்சியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கணக்கு எழுதவும், உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்கவும் சொல்லிக்கொடுங்கள், ஓடி வருகிறோம். ஆனால் உலர்த்தி வேண்டும்.

புதிய நிறுவனங்களுக்குத் தமிழக அரசு டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதி தருகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் வேண்டும். ஒருவர் தன் பெயரில் நடத்தும் தனியுரிமைத் தொழிலுக்கு அது கிடைக்காது. பின்கட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துப் பூண்டு உரிக்கிறவர் முதலில் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா, பூண்டைக் காயவைக்க வேண்டுமா? நுண் உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீத மானியம் இருக்கிறது, பொது வசதி அமைக்கவும் வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருவதும், வங்கிக்குக் கூட வருவதும்தானே ஆதரவு மையத்தின் வேலை?

எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டுமா என்கிறவர்களுக்கு என்ன சொல்வது? கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியது. இன்றும் மூட்டையை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வடுகபட்டி சந்தையில் வியாபாரிகள் சொல்லும் விலைக்குத்தான் போட்டுவிட்டு வருகிறோம். விலை விழுந்தால் திருப்பி எடுத்துவரவா முடியும்? காயவைத்துப் பொடியாக்க வழியிருந்தால் அந்த மூட்டை எங்கள் வீட்டிலேயே இருக்கும்.

காணொளிக்குக் கீழே ஒருவர், மலைக்காரர்களுக்கு வேகம் போதாது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெண் விடியுமுன் பஸ் ஏறி, வத்தலக்குண்டு இறங்கி, அடுத்த பஸ் பிடித்து அங்கே போனவர். பேசக் கொடுத்த மூன்று நிமிடம் முடியுமுன் மணியடித்தது யார்? என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். வேகம் போதாமலா போனார்கள்? இங்கே செய்ய வழியில்லாமல் போனார்கள். ஊரில் இருந்து தொழில் செய்கிறேன் என்று நிற்கும் ஒருத்தியையும் அவமானப்படுத்தி அனுப்பினால் அடுத்து யார் வருவார்கள்?

பொது உலர்த்தி கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை நண்பர்கள் உங்கள் வீட்டில் ஒரு போகத்துக்கு எவ்வளவு பூண்டு வருகிறது, அதில் எவ்வளவு அழுகுகிறது என்று கீழே எழுதுங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.