ஆரோக்கியப்பச்சையும் இரண்டு சதவீதமும்

மஞ்சள் காப்புரிமைக் கதை இந்த வாரம் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் 1995-ல் தன் கண்டுபிடிப்பாகப் பதிந்துகொண்டது; நம்முடைய மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் அதை எதிர்த்து வாதாடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போனவன் வெள்ளைக்காரன் என்றால் நமக்குச் சட்டென்று கோபம் வருகிறது. நம்மாளே எடுத்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பேர் வைத்துவிடுகிறோம்.

அதனால் மஞ்சளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஆரோக்கியப்பச்சை என்ற செடியைப் பற்றிப் பேசலாம்.

1987. அகத்தியமலையின் கேரளப் பக்கம். தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு தாவரங்களையும் பழங்குடி மருத்துவத்தையும் பற்றித் தகவல் திரட்ட மலையேறுகிறது. வழிகாட்ட, அந்த மலையின் காணிப் பழங்குடி ஆட்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு முட்டுகிறது, கால் ஓய்கிறது. கூட வந்தவர்களோ ஏதோ சின்னக் காயை மென்றுகொண்டே அசராமல் நடக்கிறார்கள். கேட்டபோது இவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். தின்றதும் அசதி போய்விட்டதாம். இது என்ன செடி என்று விசாரித்தபோதுதான் தயக்கம். வெளியாட்களிடம் சொல்லக் கூடாத விஷயம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். காட்டின் தரையோடு தரையாக வளரும் சின்னப் பூண்டு. அதுதான் ஆரோக்கியப்பச்சை.

மீதிக் கதை பாடப்புத்தக ரகம். புஷ்பாங்கதன் பின்னாளில் இயக்குநராக இருந்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தச் செடியைப் பிரித்து மேய்ந்தார்கள். காணிகள் தின்றது காயை. ஆய்வுக்கூடம் பிடித்துக்கொண்டது இலையை. இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருடத்துக்கு உரிமம். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிறுவனமே முடிவு செய்தது.

இந்த இடத்தில் நியாயமாகப் பேச வேண்டும். அன்று அப்படிப் பங்கு கொடு என்று சொல்ல இந்தியாவில் சட்டமே கிடையாது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்ததே 2002-ல்தான். சட்டம் கேட்காமலே கொடுத்தார்கள். உலகம் முழுக்க மாநாடுகளில் இதை முன்மாதிரி என்று பேசினார்கள். புஷ்பாங்கதனுக்கு ஐ.நா. சார்ந்த ஈக்குவேட்டர் விருதும் கிடைத்தது. அந்த மனிதரின் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு விற்றால் ராயல்டி இரண்டு ரூபாய், அதில் காணிகளுக்கு ஒரு ரூபாய். அதை வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டுமே என்று 1997-ல் அறக்கட்டளை பதிவாகி, 1999-ல் முதல் தொகையாக ஐந்து லட்சத்துச் சொச்சம் கைக்கு வந்தது. காப்புரிமை விண்ணப்பங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பேரில். காணிகள் ‘பயனாளிகள்’.

அதைவிட முக்கியமான இன்னொன்றை இந்த முன்மாதிரிக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். காணிகளில் வைத்தியம் பார்ப்பவருக்குப் பிளாத்தி என்று பேர். மருந்தும் மந்திரமும் அவர் பொறுப்பு. யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதும் அவர் பொறுப்பு. மலையேறிய குழுவுக்கு வழிகாட்டியவர்கள் பிளாத்திகள் இல்லை. விஷயம் வெளியே தெரிந்ததும் விதுரா பக்கத்துப் பிளாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று முதலமைச்சருக்கே எழுதினார்கள். குற்றிச்சல் பக்கத்துக் காணிகள் ஒப்பந்தத்துக்கு ஆதரவு. ஆக, ஒரு சமூகத்துக்குள்ளேயே இரண்டு கருத்து. அதைக் கேட்டு, உட்கார்ந்து பேசி, அப்புறம் உரிமம் கொடுத்திருக்க வேண்டாமா? எவ்வளவு பங்கு என்பதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கூத்து வனத்துறை. இலை வேண்டுமென்றால் செடி வளர்க்க வேண்டும். அந்தச் செடி காட்டுச் சூழலில்தான் சத்தோடு வரும். காணிகள் வளர்த்துக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். அரிய செடி, காட்டிலிருந்து போகக் கூடாது என்று வனத்துறை முட்டுக்கட்டை போட்டது. அறிவு காணியுடையது, செடி வனத்துறையுடையது! இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி ‘ஜீவனி’ என்ற பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. மஞ்சளுக்கு வந்த கோபத்தில் கால்வாசிகூட இதற்கு நம்மிடம் வரவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். அகத்தியமலைக்கு இந்தப் புறமும் காணிகள் இருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு, இஞ்சிக்குழி. கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கோதையாறு. அதே மலை, அதே மக்கள். ஆனால் அறக்கட்டளையின் பெயரே ‘கேரள காணி’ என்றுதான் தொடங்குகிறது. மாநில எல்லைக் கோட்டைக் கிழித்தது 1956-ல். அந்தச் செடியின் குணம் அதற்கு எத்தனை தலைமுறைக்கு முன்பே அவர்களுக்குத் தெரியுமோ.

காரையாற்றில் தேன் விற்க வந்திருந்த காணிப் பெரியவர் ஒருவரிடம், பையில் வைத்திருந்த கிழங்கைக் காட்டி, இது எதுக்கு தாத்தா என்று கேட்டேன். “அது ஒங்களுக்கு எதுக்கு சார்?” என்று சிரித்துக்கொண்டே பையின் வாயைச் சுருட்டிவிட்டார். தேன் மட்டும் கிடைத்தது.

சரி, இப்போது பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. மூலிகையை எடுத்துப் பண்ணும் கம்பெனி, இந்தியக் கம்பெனியாக இருந்தாலும், உள்ளூர் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்ய பார்மசி வழக்கில் தெளிவாகவே தீர்ப்பளித்தது. 2023-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ‘தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவு’க்கு, அதாவது ஏற்கனவே நூலில் ஏறிவிட்டதற்கு, விலக்கு. சிறைத் தண்டனை போய் அபராதம் மட்டும் என்றாகிவிட்டது. வாய்வழியாக வந்த அறிவு யார் கையாலாவது ஏட்டில் ஏறிவிட்டால், அதை முதலில் சொன்னவனுக்குப் பங்கு எங்கே?

2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு இதற்கென்று ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. காப்புரிமை கேட்கிறவர், செடி எந்த நாட்டிலிருந்து வந்தது, அறிவு எந்தப் பழங்குடியிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நல்லது. அவர்களிடம் அனுமதி வாங்கினாயா என்ற கேள்வி அதிலும் இல்லை.

‘அறிவுக்கு வேலி போடலாமா, மருந்து எல்லோருக்கும் பொதுவானதுதானே’ என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தாராளமாகப் பொதுவாக்கலாம். கம்பெனிகள் தங்கள் செய்முறைக்கு வாங்கி வைத்திருக்கும் காப்புரிமையிலிருந்து ஆரம்பிக்கலாமா? பெருந்தன்மை மட்டும் ஏன் காட்டில் இருப்பவனிடமே கேட்கப்படுகிறது?

வேறு வழியே இல்லை என்பதும் பொய். வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இருக்கிறது. பாம்பு பிடிக்கும் வித்தை அவர்கள் கையிலேயே இருக்கிறது. விஷத்தை எடுத்து விற்பது சங்கம். விஷமுறிவு மருந்து செய்பவர்கள் பெரும்பாலும் இவர்களிடம்தான் வாங்குகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அங்கேயும் வனத்துறைதான் சொல்கிறது, அந்தச் சிக்கல் தனி. ஆனாலும் இருளர் அங்கே பயனாளி இல்லை, வியாபாரி.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1), ஆங்கில வரிசையில் ‘கே’ உட்பிரிவு: பல்லுயிர் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீதும் அறிவுசார் சொத்தின் மீதும் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியே இருக்கிறது. பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தோழர்கள் அதே மனுவில் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். கிராம சபையில் பதிவாகட்டும்.

இன்னொன்று, ஊராட்சிதோறும் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும் அவசர அவசரமாக எழுதினார்கள். செடியின் பெயர், எங்கே கிடைக்கும், எதற்குப் பயன், யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார்கள். அடுத்த முறை அந்தப் படிவத்தைத் திருத்தும்போது ‘சொல்ல விருப்பமில்லை’ என்று ஒரு கட்டமும் போடுங்கள். அதை டிக் செய்தவரிடம் மறுபடி போய் நிற்கக் கூடாது என்று கீழே ஒரு குறிப்பும் வேண்டும்.