பூச்சிக்கு ஹோட்டல் வேண்டாம், ஒரு மூலை போதும்

பயிருக்கு நல்லது செய்யும் பூச்சிகள் தங்குவதற்காகச் செய்யும் பெட்டிக்குப் பூச்சி ஹோட்டல் என்று பெயர். யூடியூபில் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து நண்பர்கள் சிலர் மரப்பெட்டி அடித்து, உள்ளே பைனஸ் காயும் வைக்கோலும் அடுக்கிப் படம் போடுகிறார்கள். படம் அழகுதான். ஆனால் அந்தப் பெட்டி நம் மலையகத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து.

அது குளிர்நாட்டுக்காரர்களின் ஏற்பாடு. மாதக்கணக்கில் பனி மூடும் ஊரில் பொறிவண்டுகளும் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும் ஒடுங்கிக் கிடக்க இடம் வேண்டும். நமக்கு நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உருளைக்கிழங்கு இலையைக் கருக்கும் பனி விழும். அவ்வளவுதான். இங்கே பூச்சியை வாட்டுவது மழையும் காற்றும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். அதைவிட மோசம் நம்முடைய சுத்தம். வரம்பைச் சுரண்டி, ஓரத்துப் புல்லை வேரோடு பிடுங்கி, சவுக்குச் சருகைக் கூட்டிக் கொளுத்தினால்தான் நமக்கு மனம் ஆறும். பகலில் சருகுக்குள் ஒளிந்திருந்து இரவில் புழு தின்னும் தரைவண்டுகளும் அந்தத் தீயில்தான் போகின்றன. அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம்.

"இயற்கை" என்றாலே இப்போது பலருக்கு எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் வெளிநாட்டிலிருந்து இறக்க அரசாங்கம் தடை போட்டது, நவம்பரில் தடையை எடுத்தது. இடையில் நொந்தது விவசாயி. வர்த்தமானி அடித்துப் பொறிவண்டை வரவழைக்க முடியாது. அது வந்து, தங்கி, பெருகக் காலம் வேண்டும்.

நல்ல பூச்சியின் அருமை தேயிலைக்குத் தெரியும். இலைகளை ஒட்டிச் சுருட்டும் டோட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கியது. 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் அடித்தார்கள். மருந்தில் அந்தக் குளவியும் செத்தது, டோட்ரிக்ஸ் மறுபடி கிளம்பிவிட்டது. நம் பாட்டன்மார் கொழுந்து எடுத்த மலைகளில் நடந்த கதை இது.

குளவி என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். நியாயம்தான். கொழுந்து எடுக்கப் போன இடத்தில் குளவி கொட்டி உயிர் போன செய்தி நமக்குப் புதிதல்ல. ஆனால் அப்படிக் கூட்டமாக வந்து தாக்குபவை கூட்டுக் குடும்பமாக வாழும் குளவிகளும் மலைத்தேனீக்களும். சுவரில் மண்ணால் சின்னக் கூடு கட்டும் குளவி தனியாள். நாம் கையால் பிடித்து நசுக்காதவரை அது நம்மைக் கவனிப்பதே அரிது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்களே, உண்மையில் அந்தப் புழு ஆவது சாப்பாடு. அது கொட்டி மயக்கிக் கொண்டுபோகும் பச்சைப்புழுக்களில் உங்கள் கோவா இலையைத் தின்பவையும் இருக்கலாம்.

சரி, என்னதான் செய்யலாம்? பெட்டி தேவையில்லை. பென்சில் நுழையும் அளவும் அதைவிட ஒடுக்கமுமாக மூங்கில் துண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். பின்பக்கம் கணு இருக்கட்டும், அது அடைப்பாகும். இறுக்கிக் கட்டி, தகரக் கூரையின் இறவாரத்துக்குக் கீழே, காலை வெயில் படும் பக்கமாக ஆடாமல் பொருத்துங்கள். தனித்து வாழும் தேனீக்கும் குளவிக்கும் அது போதும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், குஞ்சுகள் வெளியேறிய துண்டுகளை மாற்றிவிட வேண்டும். வேலியோரக் காட்டுச் சூரியகாந்தியின் காய்ந்த தண்டுகளைக் கட்டி வைத்தாலும் நல்லது. உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றைக் குடைந்து சிறு தேனீக்கள் குடியேறும்.

தரைவண்டுக்குக் காணியின் ஓரத்தில் சருகும் சில கற்களும் போதும். வீட்டுச் சுவரோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், பாம்பு பயம் இருக்கும். உடைந்த சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் நிற்கும், டெங்கு பார்க்க வரும் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓடில்லா நத்தையும் அதே ஈரத்துக்கு வரத்தான் செய்யும். நாற்றுப் பாத்தியிலிருந்து தள்ளி வைத்து, காலையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிவிடலாம்.

இருப்பிடம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. இலைச் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சியைத் தின்பது, பூவின் முன் அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்பிட் ஈயின் புழு, ஆனால் தாய் ஈக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். கொத்தமல்லி, கடுகு இரண்டில் கொஞ்சத்தைப் பூக்க விடுங்கள். குட்டி முதலை போல் கறுப்பாக ஊர்வதைக் கண்டால் நசுக்காதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு.

குத்தகைக் காணியில் கரட்டும் லீக்ஸும் போடுகிறவருக்கு ஒவ்வோர் அடியும் காசு. அவரிடம் போய் மூலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. லயத்துக்குப் பின்னாலோ வீட்டோடோ நாலு பாத்தி வைத்திருப்பவர்களைத்தான் கேட்கிறேன். அடுத்த மழைக்கு முன் சருகைக் கூட்டும்போது ஓரத்தில் ஒரு குவியலைக் கொளுத்தாமல் விடுங்கள். பக்கத்துப் பாத்திக்காரரிடமும், மருந்து அடிப்பதென்றால் பூக்களில் படாமல் பொழுது சாய்ந்தபின் அடிக்கச் சொல்லுங்கள்.