மேனர் என்றால் அரண்மனை இல்லை

"நியூட்டன் மாளிகையில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை, ஊல்ஸ்தார்ப் மேனர் என்ற பெயரே சாட்சி" என்று நியூட்டன் பிறந்த வீட்டைப் பற்றி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பெயர்தான் குழப்புகிறது. மேனர் என்பது முதலில் கட்டடத்தின் பெயரே அல்ல. நிலம், அதிலிருந்து வரும் வாடகை, சிறு வழக்குகளை விசாரிக்கும் உரிமை எல்லாம் சேர்ந்த ஒரு பண்ணையுரிமை அது. அதை விலைக்கு வாங்கலாம். நியூட்டனின் தாத்தா ராபர்ட் 1623இல் அப்படித்தான் வாங்கினார். அவர்கள் சொந்த நிலத்தில் உழைத்த விவசாயக் குடும்பம். நியூட்டனின் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் ஏழைகள் என்றும் சொல்ல முடியாது, அவர் இறந்தபோது 200க்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகள் இருந்தன.

வீட்டையே பாருங்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய இரண்டு மாடிப் பண்ணை வீடு, கல் சட்டமிட்ட சின்ன ஜன்னல்கள், பக்கத்திலேயே தொழுவமும் களஞ்சியமும். தூண் வரிசையோ நடன மண்டபமோ கிடையாது. 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டதும் நியூட்டன் திரும்பி வந்து, ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் பார்த்தது இந்த ஆட்டுப் பண்ணை வீட்டில்தான். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.