தலைமையாசிரியர் பயிற்சியைக் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

இருபது வருடம் கணக்குப் பாடம் எடுத்த ஒரு பட்டதாரி ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். பணிமூப்புப் பட்டியலில் பெயர் வருகிறது, கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார், சில நாளில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். நேற்றுவரை அல்ஜீப்ரா. இன்று சம்பளப் பட்டியல், எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழு, ஒழுகும் கழிப்பறைக் குழாய், ஒருவரோடொருவர் பேசாத இரண்டு சீனியர் ஆசிரியர்கள். இதற்கான பயிற்சி பெரும்பாலும் பதவியேற்ற பிறகுதான் வருகிறது. அதற்குள் பாதி வேலையை அலுவலக உதவியாளரிடமும், மீதியைப் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியரிடம் போனில் கேட்டும் கற்றிருப்பார்.

சிங்கப்பூரில் இது தலைகீழ். 2001 முதல் அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் ஏறக்குறைய ஆறு மாத முழுநேரப் பயிற்சி உண்டு. துணை முதல்வர்களிலிருந்து ஆள் எடுத்து, முதல்வர் ஆவதற்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். இங்கிலாந்து 1997இல் இதற்கென்று ஒரு தகுதிச் சான்று கொண்டுவந்தது. 2009இல் புதிதாகப் பதவிக்கு வருபவர்களுக்குக் கட்டாயமாக்கி, 2012இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நமக்கு ஆறு மாதம் கட்டுப்படியாகாது, சரி. பதவி உயர்வு பட்டியலில் பெயர் வந்ததும் பத்து நாள் கூடவா முடியாது?

நாள் கிடைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்த தலைவலி. மாநில அளவில் ஒரு நாள் முழுக்க நடந்த கட்டகம், மாவட்டம் தாண்டி வட்டார வளமையத்துக்கு வரும்போது இரண்டு மணி நேரப் பவர்பாயிண்ட் ஆகச் சுருங்குகிறது. முதலில் வெட்டுப்படுவது செய்முறை. 'தலைவர் யார், மேலாளர் யார்' உரை மட்டும் எப்படியோ தப்பித்து வந்துவிடும். ஊக்கமூட்டச் சொல்லும் கழுகுக் கதையும்தான்.

சாயங்காலம் எல்லோரும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். திட்டம் எழுதினால் பள்ளி மாறுமா? மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மதிப்பீடு, தரக்குறியீடு, பள்ளிக்குத் தகுந்த மேம்பாட்டுத் திட்டம் எல்லாம் உண்டு. கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் நடந்து முடிந்தன. பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகளின் கற்றலிலோ மாற்றம் இல்லை. ஆனாலும் வெற்றி என்று பெயர் வாங்கி, சாலா சித்தி என்ற தேசியப் பள்ளி மதிப்பீட்டுத் திட்டமாக நாடு முழுக்க 6 லட்சம் பள்ளிகளுக்கு மேல் போனது. நம் தலைமையாசிரியர்களும் உட்கார்ந்து நிரப்பினார்களே, அதுதான்.

எங்கள் கருத்தில் பயிற்சியின் பாதி நேரம் ஒரே ஒரு திறமைக்குப் போக வேண்டும்: வகுப்பைக் கவனிப்பது, பிறகு அந்த ஆசிரியரிடம் பேசுவது. மேற்பார்வைப் பதிவேட்டைப் புரட்டினால் "கற்பித்தல் நன்று. மாணவர் பங்கேற்பு மேம்பட வேண்டும்" என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியர் எதை மாற்றுவார்? கடைசி பெஞ்சில் 20 நிமிடம் உட்கார்ந்து, இடப்பக்கம் மணி, வலப்பக்கம் கண்ணில் பட்டது மட்டும் என்று எழுதிப் பழக்க வேண்டும்.

9.52 – 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சார்', மொத்த வகுப்பும்.
9.55 – கேள்வி. ஒரு நொடியில் அவரே பதில் சொல்லிவிட்டார்.
10.01 – ஜன்னலோரப் பையன் இன்னும் நோட்டைத் திறக்கவில்லை.

பத்து நிமிட வகுப்பறை வீடியோ ஒன்றைப் போட்டு எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை 'ஆர்வமாக நடத்தினார்', 'கட்டுப்பாடு போதாது' என்று தீர்ப்பாகத்தான் வரும். மூன்றாவது வீடியோவில் கை திருந்தும். தமிழாசிரியராக இருந்தவர் இயற்பியல் வகுப்பில் என்ன பார்ப்பது என்று கேட்பார். கேள்விக்குப் பிறகு மூன்று நொடி காத்திருந்தாரா, எத்தனை வரிசைக்குக் கேள்வி போனது என்று பார்க்க இயற்பியல் தெரிய வேண்டியதில்லை.

பேச்சு இன்னும் கஷ்டம். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் குறிப்பெடுப்பவர். பத்து நிமிடம், பிறகு ஆள் மாற்றம். "நல்லா நடத்துனீங்க, ஆனா..." என்று தொடங்கினால் அந்த 'ஆனா'வுக்கு முன்னால் சொன்னது காதில் ஏறாது. "டீச்சர், ரெண்டாவது கேள்விக்கு எத்தனை பேர் கை தூக்குனாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று தொடங்கினால் அவர் வகுப்பைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு மாற்றம், திரும்ப வந்து பார்க்கும் தேதி, அவ்வளவுதான். போன மாதம் வரை பக்கத்து நாற்காலியில் டீ குடித்தவரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் பயிற்சி அறையிலேயே தெளியட்டும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு வெறும் உரை போதாது, முதல் ஒரு மணி நேரத்தை நடித்துப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை வந்து சொல்கிறது. நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள், சம்பந்தப்பட்டவரை எதிரே நிறுத்தாதீர்கள். அது சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு போலீசுக்குத் தெரிவியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம். 'பள்ளிப் பெயர் கெடும், உள்ளுக்குள்ளே பேசி முடிப்போம்' என்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 21(2) பிரிவு.

நிதிக்கு அரை நாள் போதும். 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. உண்மையான பில்களைக் கொடுத்து ரொக்கப் பதிவேடு எழுத வைத்தால் தணிக்கையில் எங்கே மாட்டுவோம் என்று தெரிந்துவிடும்.

தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு பேச்சு; தலைமையாசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எட்டு நாள் அரங்கில் கொட்டித் தீர்க்காமல், மூன்று நாள் அரங்கு, மீதி அவரவர் பள்ளியில் என்று பிரிக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் வேண்டாம், செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் ஓடும். ஜூலையில் அரங்கு; ஆகஸ்டிலும் நவம்பரிலும் பயிற்சி கொடுத்த கருத்தாளர் பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியர் பக்கத்திலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தனியாக ஒரு குறிப்பு எழுதி, இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.