பொதுப்படையாக ஜெபிப்பதை நிறுத்துவோம்

"ஆண்டவரே, எங்கள் போக்கையும் வரத்தையும் காத்தருளும், சகல நன்மைகளினாலும் எங்களை நிரப்பும், கண்மணியைப்போல் எங்களைக் காத்துக்கொள்ளும்."

சபையில் வளர்ந்த எவருக்கும் இந்த வரிகள் யோசிக்காமலே வந்துவிடும். இவற்றில் பிழை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் வேத வசனங்களிலிருந்து எடுத்துக் கோத்தவைதாம். ஆனால் கடனில் மூழ்கிய வீட்டிலும் இதே ஜெபம், மகளுக்கு வரன் அமையாமல் தவிக்கிற வீட்டிலும் இதே ஜெபம், துக்க வீட்டிலும் இதே ஜெபம் என்றால், அங்கே ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. எந்த வீட்டில் நின்றுகொண்டு ஜெபிக்கிறோம் என்பதே ஜெபத்தைக் கேட்டால் தெரிவதில்லை. ஆமென் சொல்லி எழுந்தவரிடம் "இப்போது ஆண்டவரிடம் என்ன கேட்டீர்கள்?" என்று விசாரித்தால் அவரால் சொல்ல முடியாது.

"ஜெபம் வறண்டுபோய்விட்டது" என்று வருந்துகிற விசுவாசிகள் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆலயத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் உபவாசம் இருப்பவர்கள், வேதம் வாசிப்பவர்கள். அவர்களுடைய ஜெபத்தில் அவர்களுடைய வாழ்க்கைதான் இல்லை. அலுவலகத்தில் அவமானப்படுத்திய மேலாளர் இல்லை. பேசாமல் இருக்கிற அண்ணன் இல்லை. மருத்துவமனை ஸ்கேன் முடிவு வரும்வரை தூக்கம் வராத இரவு இல்லை. இவையெல்லாம் "சகல காரியங்களிலும்" என்ற ஒரே சொல்லுக்குள் போய் மறைந்துவிடுகின்றன. ஜெபத்தின் நீளத்தைக் கூட்டியோ, சத்தத்தை உயர்த்தியோ இந்த வறட்சியைத் தீர்க்க முடியாது. நம் உண்மையான நாளை, அதில் வருகிற மனிதர்களோடும் பெயர்களோடும், ஜெபத்துக்குள் கொண்டுவந்தால் தீரும். இதை நான் திடமாக நம்புகிறேன்.

அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்கிறவர்களைப்போல ஜெபிக்காதீர்கள் என்று இயேசு சொன்னார் (மத்தேயு 6:7). அடுத்த வசனத்தை நாம் கவனிக்காமல் கடந்துபோகிறோம். நாம் கேட்பதற்கு முன்னமே நமக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். அப்படியானால் ஏன் கேட்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அவர் அறிந்திருப்பதால்தான் நாம் தாராளமாகக் கேட்கலாம் என்பது என் பதில். அவருக்கு விவரம் தெரிவிக்க வேண்டியதில்லை, அவரை வற்புறுத்திச் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை, அவர் முன் சொல்வன்மை காட்ட வேண்டியதில்லை. நம்மை முழுவதும் அறிந்த ஒருவரிடம் இருப்பதை இருப்பதுபோலச் சொல்வதைத் தவிர வேறு எதற்கும் அங்கே தேவை இல்லை.

எப்படித் தொடங்குவது? எனக்குத் தெரிந்தவரை இதற்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவருக்காக எழுதப்பட்டது. ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில், திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு முடிதிருத்தியவர் பீட்டர். தன்னைப் போன்ற சாதாரண மனிதன் எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டார். ஐரோப்பாவே அறிந்த இறையியல் பேராசிரியர் அந்தக் கேள்வியைச் சிறிதாக நினைக்கவில்லை. பீட்டருக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். 1535-ல் அது அச்சாகி வெளிவந்தது. அதில் பீட்டரின் தொழிலையே எடுத்துக்காட்டாக வைக்கிறார்: நல்ல முடிதிருத்துபவரின் கண்ணும் எண்ணமும் கத்தியிலும் முடியிலும் நிற்க வேண்டும், பேச்சிலும் வேடிக்கையிலும் கவனம் போனால் எதிரே இருப்பவரின் மூக்கோ வாயோ கழுத்தோகூட அறுபடும். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்கிறார். இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தைப் பற்றி அதே நூலில் அவர் சொல்லியிருப்பது இன்றும் சுடுகிறது: பூமியிலே மிகப் பெரிய இரத்தசாட்சி இந்த ஜெபந்தான், ஏனென்றால் எல்லாரும் அதை வதைக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் நாம் அதை எத்தனை வேகத்தில் ஓட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

லூத்தர் சொல்லும் வழி மிக எளியது. பரமண்டல ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று, அதை உன் சொந்த வார்த்தையில் விரித்துச் சொல். பத்துக் கட்டளைகளை ஜெபிக்கும்போது ஒவ்வொன்றையும் நான்கு இழையாகப் பிரித்துக்கொள்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்ல வேண்டும், இதில் என் பாவம் எது, இப்போது என்ன கேட்க வேண்டும். இந்த நான்கு இழைகளைப் பரமண்டல ஜெபத்துக்கும் பொருத்தலாம் என்பது என் அனுபவம்.

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பது: நான் மாதச் சம்பளத்தில் வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், உண்மையில் என்னைப் போஷிக்கிறவர் அவர். நன்றி: இன்று காலையில் சாப்பிட்ட இட்லிக்கு, அதற்கு நெல் விளைவித்தவருக்கு, அடுப்படியில் நின்ற மனைவிக்கோ தாய்க்கோ. மனைவியின் உழைப்புக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன பிறகு, எழுந்து போய் அவரிடமும் நேரில் சொல்லத் தோன்றும், சொல்லுங்கள். பாவ அறிக்கை: சென்ற வாரம் திருமண வீட்டில் இலையில் மிச்சம் வைத்து மூடியது, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளத்தைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தது. விண்ணப்பம்: தெருமுனையில் டீக்கடையை மூடிவிட்ட குடும்பத்துக்கு இந்த மாதம் வழிகாட்டும் ஆண்டவரே. இப்படி ஒரு வரியோடு பத்து நிமிடம் போய்விடும். மீதி வரிகளுக்கு நேரம் இல்லாமல் போகலாம், பரவாயில்லை. ஏதேனும் ஒரு விண்ணப்பத்தில் நல்ல எண்ணங்கள் பெருகிவந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு, அமைதியாக அங்கேயே நின்று கேள், ஆவியானவர் பேசுகிறார் என்பது லூத்தரே பீட்டருக்குச் சொன்ன யோசனை.

"எழுதி வைத்த ஜெபத்தைச் சொல்வது உயிரில்லாதது, மனதிலிருந்து வருவதுதான் ஜெபம்" என்று நம்மில் ஒரு சாரார் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. மனதிலிருந்து வருவதாக நாம் நினைக்கும் ஜெபமும் பெரும்பாலும் மனப்பாடந்தான். யாரிடமிருந்து மனப்பாடம் செய்தோம் என்பதுதான் மறந்துவிட்டது. இயேசுவே சிலுவையில் உயிர்போகும் வேளையில் சங்கீதங்களின் வார்த்தைகளைத்தான் எடுத்தார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" 22-ஆம் சங்கீதம், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" 31-ஆம் சங்கீதம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே ஜெபத்தோடு தொடர்புடையது. 1578-ல் கொல்லத்தில் போர்ச்சுகீசிய மறைப்பணியாளர் அன்றிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கங்களில் மறைக்கல்வியையும் செபங்களையும் தமிழில் கொடுத்தது. கடற்கரை மக்கள் தங்கள் சொந்த மொழியில் ஜெபிக்க வேண்டும் என்ற அக்கறைக்காக எழுத்தை வார்த்து அச்சேற்றியிருக்கிறார்கள். ஆகவே சொல்லுக்குத் தவிக்கிற நாளில் கற்ற ஜெபத்தைத் தயங்காமல் கையில் எடுங்கள். நிதானமாகச் சொன்னால் போதும்.

இனி, பெயர்கள். இதை நான் எங்கே போனாலும் வற்புறுத்துகிறேன். "வியாதியஸ்தரைக் குணமாக்கும், விதவைகளை ஆதரியும்" என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் யாரும் இல்லை. ஒரு சிறு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயரும் காரியமும் தேதியும், வலப்பக்கம் காலி. "டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை போகிற மாமா, செவ்வாய்க்கிழமைகளில் அவரை அழைத்துப்போக ஆள் இல்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போதே செவ்வாய்க்கிழமை நாம் போகலாமே என்று தோன்றும். ஜெபம் இப்படித்தான் நம்மைப் பிடித்துக்கொள்ளும். குளிரில் நிற்கிறவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது (யாக்கோபு 2:16) நம் ஜெபக்கூட்டங்களுக்கும் பொருந்தும். வலப்பக்கத்தை மாதங்கள் கழித்து நிரப்புங்கள்: என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை. நடக்காததையும் எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதியதும் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுகின்றன. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் படத்தை அனுப்பும் முன் கண்ணை மூடி அந்த மனிதரின் பெயரைச் சொல்லி ஒரே வாக்கியம் ஜெபித்துவிடுங்கள். ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையிலே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான் (நெகேமியா 2:4). ஒரு மூச்சளவு ஜெபம், அது போதுமானதாக இருந்தது. எதிரே நின்று ஒருவர் கேட்டால் இன்னும் நல்லது. ஆலய வாசலிலோ பஸ் நிறுத்தத்திலோ அங்கேயே, அவரோடு, மெல்லிய குரலில் ஜெபியுங்கள்.

இனிச் சொல்லப்போவது பலருக்குச் சங்கடமாக இருக்கும். நாம் புலம்பத் தெரியாத சபைகளாகிவிட்டோம். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறான். 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிகிறது. அதையும் தேவனுடைய ஜனங்கள் தங்கள் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். நாமோ துக்கத்தின் நடுவிலும் "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று சொல்லும்படி ஒருவரையொருவர் நெருக்குகிறோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கடலோர ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கியது. கரையில் காத்திருந்த அந்தப் பெண்களிடம் என்ன ஜெபத்தைக் கொடுப்பீர்கள்? புலம்பல் சங்கீதங்களைத் தவிர எதையும் கொடுக்க எனக்குத் துணிவு இல்லை. "ஏன் ஆண்டவரே" என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது. யாரிடம் கேட்கிறோமோ அவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் அப்படிக் கேட்பான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. சுகம் கிடைக்காதவரிடம் "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிற பழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும். இது கொடுமை, வியாதியோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கவைக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை ஜெபித்தார். அது நீங்கவில்லை. பவுல் தன் சரீரத்திலுள்ள முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அது எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கேட்டதைக் கூச்சமில்லாமல் மறுபடியும் கேளுங்கள். கிடைக்காத நாளில் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

இரவில் படுக்கும் முன் செய்ய வேண்டியதைக் கத்தோலிக்க சகோதரர்களிடமிருந்து நாம் கற்கலாம். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் தம் சபையினருக்குக் கற்பித்த ஆன்ம சோதனை அது. முடிந்த நாளை ஆண்டவரோடு சேர்ந்து மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது. நன்றிக்குரியது எது, யாரைக் காயப்படுத்தினேன், எங்கே அவர் அழைத்தும் கேளாமல் போனேன், நாளைக்கு எதற்கு உதவி வேண்டும். ஐந்து நிமிடம் போதும். கண்ணை மூடி யோசிக்கும்போது தூக்கம் வருகிறது என்றால் உட்கார்ந்து எழுதுங்கள்.

"கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு" என்று இயேசு சொன்னாரே, எங்கள் வீட்டில் தனி அறை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. மொட்டை மாடி போதும்; எல்லாரும் எழும் முன் அடுக்களை போதும். பூட்ட வேண்டிய கதவு இப்போது பெரும்பாலும் கைபேசிதான். அதில் வேதம் வாசிப்பவர்களும் ஜெப நேரத்துக்கு மட்டுமாவது அதை வேறு அறையில் வைத்துவிட்டு அச்சுப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் குடும்ப ஜெபம். நம் வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ நீளமாக ஜெபிக்க, பிள்ளைகள் முழங்காலில் தூங்குகிறார்கள். ஒரு மாதம் மட்டும் இப்படி மாற்றிப் பாருங்கள். ஒரு சங்கீதத்தில் சில வசனங்களை வாசியுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம்: இன்று எனக்கு நடந்த ஒன்று, அதற்காக ஒரு நன்றி அல்லது ஒரு வேண்டுதல். சின்னவளிலிருந்து தொடங்குங்கள். கணக்கு டீச்சர் திட்டியதைப் பற்றியோ, காணாமல்போன பூனைக்குட்டியைப் பற்றியோ அவள் சொன்னால் யாரும் சிரிக்கவோ திருத்தவோ வேண்டாம். அதற்கு ஆமென் சொல்லுங்கள். அவள் முடித்த பிறகு, தாத்தாவும் தன் மூட்டுவலியைப் பற்றி, அப்பாவும் தன் வேலையில் உள்ள பயத்தைப் பற்றி, அந்த அளவு எளிமையாகப் பிள்ளைகள் காதுபடச் சொல்லி ஜெபிக்கட்டும்.