மொய் எழுதப் போகிறவருக்கு ரெண்டு செட் மாத்திரை

(செக்கானூரணியில் ஒரு மருந்துக்கடை. ஐப்பசி மழை விட்ட மதியம். துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு காளிமுத்து வருகிறார்.)

காளிமுத்து: ஏத்தா செல்வி, காய்ச்சலுக்கு ரெண்டு செட் மாத்திரை போடு. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்ஸ்யூல் இருக்குமே, அதையும் சேர்த்துக் கொடு.

செல்வி: அது ஆன்டிபயாட்டிக், பெரியப்பா. டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன். எப்போதிருந்து காய்ச்சல்?

காளிமுத்து: நேற்று ராத்திரிகூடக் கிடாய்க்கறியை ஒரு பிடி பிடித்தேன். காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

செல்வி: ஜலதோஷம் மெதுவாக வரும். இப்படித் திடுதிப்பென்று ஆளைச் சாய்த்தால் ஃப்ளூவாக இருக்கலாம். அது வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது.

காளிமுத்து: போன வருஷம் அதைப் போட்டுத்தானே நாலு நாளில் எழுந்தேன்?

செல்வி: போடாமல் இருந்தாலும் எழுந்திருப்பீர்கள். காசு மிச்சமாகியிருக்கும்.

காளிமுத்து: நாளைக்கு உசிலம்பட்டியில் காதுகுத்து. மொய் எழுத நான்தான் உட்கார வேண்டும்.

செல்வி: நீங்கள் எழுதுகிற லட்சணம் தெரியாதா? நாக்கில் விரலை வைத்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணுவீர்கள்.

காளிமுத்து: தொடாமல் எண்ணினால் புது நோட்டு ரெண்டு ஒட்டிக்கொண்டு போகும். கணக்கு உதைக்கும்!

செல்வி: நடுவில் மைக்கில் வேறு "தாய்மாமன் 5,001" என்று இருமுவீர்கள். அந்தத் துளி தெறித்துத்தான் இது பரவுகிறது. பிள்ளைக்கு என்ன வயது?

காளிமுத்து: ஒன்று.

செல்வி: 5 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள், 65 தாண்டியவர்கள், மாசமாக இருப்பவர்கள், இவர்களைத்தான் ரொம்பப் படுத்தும். மொய்யை ஃபோனில் அனுப்புங்கள். அதில் வைரஸ் போகாது. உங்களுக்கும் சர்க்கரை இருக்கிறதே, இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கென்று தனி மாத்திரை உண்டு, 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். மூச்சு வாங்கினால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காளிமுத்து: உன் பெரியம்மா மிளகு ரசம் வைத்திருக்கிறாள்.

செல்வி: குடியுங்கள், தொண்டைக்கு இதம். வைரஸ் அதற்கெல்லாம் பயப்படாது. குணமானதும் தடுப்பூசி போடுங்கள். வருஷா வருஷம் போட வேண்டும். வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, எந்த வகை சுற்றுகிறது என்று பார்த்து ஊசியை மாற்றச் சொல்கிறது.

காளிமுத்து: நம் ஊர் வோட்டர் லிஸ்ட்டைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதில்லை.

செல்வி: காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளே அடுத்தவருக்கு ஒட்டிவிடும். நேற்று யாரோடு இருந்தீர்கள்?

காளிமுத்து: பங்காளி ராசு. தோளில் கை போட்டு, மூஞ்சிக்கு நேராக ஒரு மணி நேரம் பேசினேன்.

செல்வி: ஐயோ, பாவம்!

காளிமுத்து: என்ன பாவம்? நான் அவனுக்கு 1,001 செய்தேன். என் வீட்டு விசேஷத்துக்கு 101 கொண்டு வந்தான். எத்தனை நாளில் தெரியும்?

செல்வி: ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள்.

காளிமுத்து: சரி. பாராசிட்டமாலில் அவனுக்கும் ஒரு அட்டை எடுத்து வை. காசை அவன் கணக்கிலேயே எழுதிக்கொள்.