பரிசல் முதலில் மீனவர்களுடையது
கடல் இல்லாத தர்மபுரிக்கு மீன்பிடி மரபு கிடையாது, ஒகேனக்கல் பரிசல் சுற்றுலாவுக்காக வந்தது என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சவாரிக்கு ஆள் வருவதற்கு முன்பே மீன் பிடிக்கவும் அக்கரைக்கு மூட்டை முடிச்சைச் சேர்க்கவும் ஓடியதுதான் பரிசல். அதன் அமைப்பே அதைச் சொல்லும்: மூங்கிலைப் பிளந்து பின்னிய ஏழடி வட்டம், முன் பின் கிடையாது, அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் பாறையில் மாட்டாமல் போகும். முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கு வைத்துத் தார் பூசுகிறார்கள். என் மாமா நாகமரைப் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீரில் வலை போட்டவர். சாயங்காலம் ஒற்றை ஆளாகப் போய், ஒரு கையில் துடுப்பும் மறு கையில் வலையுமாக விட்டுக்கொண்டே வருவார். விடியற்காலை எடுத்தால் ஜிலேபி மீனும் கெளுத்தியும் மாட்டியிருக்கும். கெளுத்தியின் பக்க முள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும். தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, நூல் அறாமல், கையும் கிழியாமல் அவர் எடுப்பதைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் மரபு இல்லாமல் வேறு என்ன? அப்புறம், அதியமான்கோட்டையைத் தவிர இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடிக்குப் போய்ப் பாருங்கள். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் ஊர்களே மூழ்கின. தண்ணீர் நன்றாக இறங்கும் வருடங்களில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். போகிறவர்கள் படம் எடுத்ததும் திரும்பிவிடாமல் துறையில் இருக்கும் பரிசல்காரர்களிடம் பேசுங்கள், மூழ்கிய ஊர்களைப் பற்றித் தங்கள் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொல்வார்கள்.